‘நீரே உமக்கு முதலாளி’ என்பவரிடம் ஒரு கணக்குக் கேளுங்கள்

ஒக்லாந்தில் வேலை தேடும் எங்கள் வயதுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கதை இது: “சம்பளம் எண்டு போடேல்லை, கொன்ட்ராக்டில எடுக்கிறன். வரி பிடிக்காமல் முழுக் காசும் கையில வரும். நீரே உமக்கு முதலாளி.” சொல்பவர் துப்புரவு வேலை எடுத்து நடத்துபவராக இருக்கலாம், பார்சல் வான் வைத்திருப்பவராக இருக்கலாம், கோயிலில் கண்டால் நலம் விசாரிக்கும் மாமாவாகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் நடப்பது ஒன்றுதான். நீங்கள் முதலாளி ஆவதில்லை. முதலாளி கட்டவேண்டிய காசை நீங்கள் கட்டத் தொடங்குகிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 அன்று நியூசிலாந்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23.50 டொலர் ஆனது. “உமக்கு 25 தாறன்” என்று ஒருவர் சொன்னால் ஒன்றரை டொலர் லாபம் போலத் தெரியும். ஆனால் சட்டப்படி வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஆண்டுக்கு நான்கு வாரச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அதன் பெறுமதி ஏறத்தாழ 8 சதவீதம். 23.50 உடன் அதைக் கூட்டினால் 25.38. அங்கேயே 25 டொலர் தோற்றுவிட்டது. சுகவீன விடுமுறை 10 நாள், மத்தாரிக்கியோடு சேர்த்து 12 பொது விடுமுறைகள், கிவிசேவரில் முதலாளியின் பங்கு எல்லாம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஏசிசிக்கு முதலாளி கட்டும் தொழில் பங்கும் உங்கள் தலையில் விழும். அதற்கான பில் பிறகு தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும்.

அடுத்தது வரி. “வரி பிடிக்க மாட்டம்” என்றால் வரி இல்லை என்று அர்த்தமில்லை, பிடிக்கும் வேலையை உங்களிடம் விட்டுவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். இங்கே வரியில்லாத முதல் தொகை என்று ஒன்று கிடையாது. அவுஸ்திரேலியாவில் முதல் 18,200 டொலருக்கு வரி இல்லை. நியூசிலாந்தில் முதல் டொலரிலேயே 10.5 சதவீதம் தொடங்குகிறது. 15,600 டொலரைத் தாண்டினால் 17.5, 53,500ஐத் தாண்டினால் 30.

ஒருவர் 2025 ஏப்ரலில் இப்படித் தொடங்கி, செலவு போக 40,000 டொலர் இலாபம் எடுத்தார் என்று வைப்போம். வரி 5,908 டொலர். தகுதி இருந்தால் 520 டொலர் சலுகை கழியும், அப்போதும் 5,388. ஆண்டு 2026 மார்ச் 31இல் முடியும். ஐஆர்3 படிவம் ஜூலை 7க்குள் போக வேண்டும். வரியைக் கட்ட 2027 பெப்ரவரி 7 வரை நேரம் இருக்கிறது. இங்கேதான் பலர் விழுகிறார்கள். மிச்ச வரி 5,000 டொலரைத் தாண்டியதால், அடுத்த ஆண்டுக்கான வரியையும் முன்கூட்டியே தவணையாகக் கட்டவேண்டும்: ஓகஸ்ட் 28, ஜனவரி 15, மே 7. வழக்கமான முறையில் அது முந்திய ஆண்டு வரியோடு 5 சதவீதம் கூட்டிய தொகை. ஆக, ஒன்பது மாதத்துக்குள் பதினோராயிரம் டொலருக்கு மேல் வெளியே போகும். முழுக் காசும் கையில் வந்தபோது அதைச் செலவழித்தவர் அப்போது எங்கே போவார்? வரித் திணைக்களத்தின் வட்டியும் தண்டமும் அவரைத் தேடி வரும். அவரை “முதலாளி” ஆக்கியவரைத் தேடி வராது.

இதில் மிக மோசமாக ஏமாற்றப்படுபவர்கள் மாணவர் வீசாவில் வந்தவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கடன்பட்டு வந்து படிக்கும் அண்ணாவும் அக்காவும் உங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். மாணவர் வீசாவில் வேலை செய்ய அனுமதி உண்டு, சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. ஒரு முதலாளியோடு வேலை ஒப்பந்தம் இருக்கவேண்டும். ஆகவே “கொன்ட்ராக்ட்” என்று கையெழுத்து வாங்குபவர் அவர்களின் விடுமுறைச் சம்பளத்தை மட்டும் எடுக்கவில்லை. வீசா நிபந்தனையையும் மீற வைக்கிறார். பிறகு அவர்கள் வாய் திறக்கப் பயப்படுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இதற்கு “எங்கட ஆட்களுக்கு உதவி செய்யிறன்” என்று பெயர் வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை என்பதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உறவின் உண்மைத் தன்மை என்ன என்று கேட்கிறது. ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்களுக்காக மாதிரி உருவங்கள் செய்த ஒருவர், தான் ஒப்பந்தக்காரர் அல்ல, தொழிலாளி என்று வழக்குப் போட்டு 2005இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 2020இல் ஒக்லாந்தின் பார்சல் எக்ஸ்பிரஸ் வழக்கில், சமோவாவிலிருந்து வந்த, ஆங்கிலம் இரண்டாம் மொழியான ஒரு கூரியர் ஓட்டுநர் தொழிலாளிதான் என்று தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊபர் வழக்கில் நான்கு ஓட்டுநர்கள் 2022இல் தொழில் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள், 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள்.

ஆனால் இதை நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. 2005 தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? ‘ஹொபிட்’ படம் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தில், 2010 ஒக்டோபரில் அரசு அவசரமாகச் சட்டத்தை மாற்றிப் படத் தொழிலாளரை ஒப்பந்தக்காரர் ஆக்கியது. ஊபர் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2025 ஜூனில் இன்னொரு திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. “நீர் சுயாதீன ஒப்பந்தக்காரர்” என்று எழுத்தில் இருப்பது, வேறிடத்தில் வேலை செய்யத் தடை இல்லாதிருப்பது போன்ற சில நிபந்தனைகள் நிறைவேறினால், நீதிமன்றம் அதற்கு மேல் தோண்ட முடியாதபடி செய்வதே அதன் நோக்கம். ஆகவே நீங்கள் போடும் கையெழுத்துக்கு எடை கூடிக்கொண்டுதான் போகிறது.

“தொடங்கேக்க எல்லாரும் இப்பிடித்தான் கஷ்டப்பட்டனாங்கள்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மை, கஷ்டப்பட்டார்கள். அவர்களுக்கு நடந்த அநியாயத்தை அடுத்து வருபவருக்கும் செய்ய அது அனுமதிச் சீட்டு அல்ல. “சின்ன வியாபாரம், எல்லாம் சட்டப்படி குடுத்தால் கட்டுபடியாகாது” என்றும் சொல்வார்கள். ஒருவரின் விடுமுறைச் சம்பளத்தை எடுத்தால்தான் கடை ஓடும் என்றால், அந்தக் கடையை ஓட்டுவது அந்தத் தொழிலாளியின் காசு.

சுயதொழில் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மிருதங்க வகுப்பு நடத்துபவர், வீட்டில் கேக் செய்து விற்பவர், சொந்தமாக மின்வேலை எடுப்பவர் எல்லாம் உண்மையான முதலாளிகள். விலையை அவர்கள் சொல்கிறார்கள், வேண்டாத வேலையை மறுக்கிறார்கள், வாடிக்கையாளர் அவர்களுடையவர். நீங்கள் அந்த வழியில் போனால் ஒழுங்காகப் போங்கள். வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை வேறு கணக்கில் போடுங்கள். பற்றுச்சீட்டுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். 12 மாத விற்பனை 60,000 டொலரைத் தாண்டும் என்றால் ஜிஎஸ்டிக்குப் பதியுங்கள். அந்த 15 சதவீதம் உங்கள் காசு அல்ல என்பதை மறக்காதீர்கள். கைக்காசையும் கணக்கில் காட்டுங்கள். நாளைக்கு விபத்தில் கை முறிந்தால் ஏசிசி வாராவாரம் தருவது நீங்கள் காட்டிய வருமானத்தின் 80 சதவீதம். காட்டாத காசுக்கு அங்கே பெறுமதி இல்லை.

ஆனால் நேரத்தை அவர் சொல்கிறார், விலையை அவர் சொல்கிறார், சீருடையை அவர் தருகிறார், உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்பவும் முடியாது என்றால், நீங்கள் தொழிலாளி. கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். கொம்யூனிட்டி லோவிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோவிலும் இலவசமாகக் கேட்கலாம். ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் அம்மா அப்பாவுக்கு வாசித்துக் காட்டிப் பழகிய பிள்ளைகள் நாங்கள். அதே உதவியை, புதிதாக வந்திருக்கும் அந்த அண்ணாவுக்கும் அக்காவுக்கும் செய்யுங்கள். அவர்களிடம் நீட்டப்படும் தாளை, மாமா பக்கத்தில் நின்றாலும், முழுக்க வாசித்துச் சொல்லுங்கள்.