சிலையை வெளியேற்றியவர்கள் சாதியை வெளியேற்றினார்களா?

சீக்கியத்தில் உருவ வழிபாட்டுக்கு இடமில்லை. சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் ஏற்றுக்கொண்ட 'ரெஹத் மரியாதா' என்னும் ஒழுக்க விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. குருத்வாராவுக்குள் சிலை வைக்கக் கூடாது. குருமார்களின் படத்தின் முன் தலைவணங்கக் கூடாது. விளக்கேற்றி ஆரத்தி எடுக்கக் கூடாது. அதே தொகுப்பு வேறொன்றையும் சொல்கிறது. எந்தச் சாதியில் பிறந்தவரும் குருத்வாராவுக்குள் வரலாம். சீக்கியர்கள் சாதி பார்க்காமல் மணம் செய்துகொள்ள வேண்டும்.

ஒரே நூலில் இரண்டு கட்டளைகள். முதலாவது மீறப்பட்டால் கண்டனம் எழுகிறது, மத அவமதிப்பு என்று கூட்டம் திரள்கிறது. இரண்டாவது நாள்தோறும் மீறப்படுகிறது. பஞ்சாபின் செய்தித்தாள்களில் மணமக்கள் தேவை விளம்பரங்களைப் புரட்டினால் போதும்: ஜாட் சீக்கியர், கத்ரி சீக்கியர், ராம்கடியா சீக்கியர், மஜபி சீக்கியர் என்று பிரித்துப் பிரித்துத்தான் கேட்கிறார்கள். இதற்காக எந்தக் கூட்டமும் திரள்வதில்லை. ஏன்?

குரு நானக் (1469–1539) உருவ வழிபாட்டை மறுத்ததன் பொருளை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சிலை என்பது வெறும் கல் அல்ல. சிலை இருந்தால் கருவறை வேண்டும். கருவறை இருந்தால் உள்ளே போகத் தகுதியானவன் யார், வாசலோடு நிற்க வேண்டியவன் யார் என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பிறப்பை வைத்துப் போட ஒரு பூசாரி வேண்டும். அர்ச்சகர் உரிமைக்காக இன்றும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சிலையை மறுத்த இயக்கம், எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ணும் லங்கரை வளர்த்ததும் தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

1604இல் தொகுக்கப்பட்ட ஆதி கிரந்தத்தில் நெசவாளர் கபீரும், தையற்காரர் நாமதேவரும், நாவிதர் சைனும், தோல் தொழில் செய்த ரவிதாசும் இருக்கிறார்கள். ரவிதாசின் பாடல்கள் மட்டும் சுமார் 40. பத்தாவது குருவான கோவிந்த் சிங் 1708இல் இந்த நூலையே நிலையான குருவாக அறிவித்தார் என்பது சீக்கிய மரபு. கிரந்தத்துக்கு விதானம் கட்டி, சாமரம் வீசி, இரவில் பள்ளியறைக்கு எடுத்துச் செல்வதும் உருவ வழிபாடுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 'நாங்கள் வணங்குவது தாளையும் மையையும் அல்ல, அதிலுள்ள சொல்லை' என்பது சீக்கியர்களின் பதில். நல்ல பதில். ஆனால் அந்தச் சொல்லில் ரவிதாசின் சொல்லும் இருக்கிறதே! அவர் சொல்லுக்குத் தலைவணங்கும் ஊரில், அவர் மக்களுக்குத் தனிச் சுடுகாடு எப்படி வந்தது?

வரலாறு இதற்கு விடை வைத்திருக்கிறது. பொற்கோயிலின் சுற்று வளாகத்தில் பார்ப்பனர்கள் இந்துக் கடவுள் சிலைகளை வைத்து வழிபாடு நடத்திவந்தார்கள். 1905 மே மாதம் நிர்வாகி அரூர் சிங் அவற்றை அகற்ற உத்தரவிட்டார். சீக்கியம் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்டதாகக் கொண்டாடப்படும் நிகழ்வு இது. அதன்பின் 15 ஆண்டுகள் கழிந்தன. 1920 அக்டோபர் 12 அன்று, தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து சீக்கியத்தில் சேர்ந்தவர்கள் கரா பிரசாதத்துடன் அதே பொற்கோயிலுக்குப் போனார்கள். பூசாரிகள் அதை வாங்க மறுத்தார்கள். கிரந்தத்தைத் திறந்து படித்து, வந்த வாசகம் அம்மக்களுக்கு ஆதரவாக இருந்த பிறகே பணிந்தார்கள். அங்கிருந்து மக்கள் அகால் தக்துக்குப் போனபோது, அங்கிருந்த பூசாரிகள் இடத்தை விட்டே ஓடிவிட்டார்கள். அடுத்த மாதமே சிரோமணி கமிட்டி உருவானது. சிலை 1905இல் வெளியே போனது. தீண்டாமை 1920இலும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தது.

தடை செய்த உருவமாவது முழுமையாகப் போனதா? நானக் எப்படி இருந்தார் என்பதற்கு அவர் காலத்து நம்பகமான ஓவியம் எதுவும் இல்லை. நானக்கின் 500ஆம் பிறந்தநாளை ஒட்டி 1969இல் ஓவியர் சோபா சிங் வரைந்த, கையுயர்த்தி ஆசி வழங்கும் வெண்தாடி முகம்தான் இன்று வீட்டுச் சுவர்களிலும் லாரிகளிலும் கடைகளிலும் நானக்காக இருக்கிறது. மாலையும் சார்த்துகிறார்கள். இதை வீட்டுக்கு வீடு தேடிப் போய் யாரும் தடுப்பதில்லை. தடுக்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. உருவத் தடை எல்லோர் மேலும் ஒரே மாதிரி பாய்வதில்லை என்பதைத்தான் சொல்கிறோம்.

ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமத்தைப் பாருங்கள். அங்கே பெரும் காணிக்கை குவிந்தது ஒரு சமாதியில். சமாதி வழிபாடும் சீக்கிய நெறிக்கு எதிரானதே. ஆனால் 2003இல் அங்கே வெடித்த மோதல் சமாதி கூடாது என்பதற்காக அல்ல. நிர்வாகக் குழுவில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று தலித்துகள் கேட்டதற்காக. கேட்டவர்கள் மீது சமூகப் புறக்கணிப்பு ஏவப்பட்டது.

மறுபக்கம், ரவிதாசின் படமும் சிலையும் வைத்து வணங்கும் தலித்துகள் மீது 'குருவின் நெறியை மீறுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டு. 2009 மே மாதம் வியன்னாவின் ரவிதாஸ் குருத்வாராவில் ஆயுதத் தாக்குதல் நடந்து, சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ரவிதாஸ் பிறந்தநாளில், தாங்கள் தனி மதம் என்று ரவிதாசியர்களில் ஒரு பிரிவினர் வாரணாசியில் அறிவித்தார்கள்.

உருவமற்ற ஒன்றைப் பாடிய ரவிதாசையே உருவமாக்குவது சரியா என்ற கேள்வி நியாயமானது. கல்லைச் சுற்றிப் புதிய பூசாரிகள் முளைப்பார்கள் என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை, அவரைக் கிரந்தத்தில் வைத்துவிட்டு அவர் மக்களை வாசலில் நிறுத்தியவர்களுக்கு இல்லை. பொதுக் குருத்வாராவில் சம மதிப்பு கிடைக்காதவர்கள் தனிக் குருத்வாரா கட்டினார்கள். அங்கே தங்கள் முகச்சாயலுள்ள ஒரு குருவை வைத்தார்கள். அது பக்தி மட்டுமல்ல, மான மீட்பு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். அந்த மண்ணில் உருவ மறுப்பைக் காக்க விரும்புகிறவர்கள் ரெஹத் மரியாதாவின் இரண்டாவது கட்டளையிலிருந்து தொடங்கட்டும். சுடுகாட்டை ஒன்றாக்குங்கள். நிர்வாகக் குழுவைத் திறந்துவிடுங்கள். மண விளம்பரத்தில் சாதியை நீக்குங்கள். நானக் உடைக்கச் சொன்ன உருவம் பிறப்பின் பெருமை. அதை உடைக்காதவரை, ரவிதாசின் சிலை மீது கைவைக்க எவருக்கும் தகுதியில்லை.