உக்ரைன் போர்: ரஷ்யாவின் பக்கத்து நாடுகள் ஒரே குரலில் பேசாதது ஏன்?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. மார்ச் 2-ம் தேதி, ரஷ்யாவைக் கண்டித்து, படைகளைத் திரும்பப் பெறச் சொல்லும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபைக்கு வந்தது. 141 நாடுகள் ஆதரவு, 5 நாடுகள் எதிர்ப்பு. 35 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

ரஷ்யாவின் எல்லையை ஒட்டிய மூன்று நாடுகளை மட்டும் பாருங்கள். பின்லாந்து ஆதரித்தது, பெலாரஸ் எதிர்த்தது, கஜகஸ்தான் ஒதுங்கியது. ஒரே சம்பவத்துக்கு ஏன் மூன்று பதில்?

பெலாரஸ்: நாற்காலிக்கான நன்றிக்கடன்

2020 தேர்தலுக்குப் பிறகு அதிபர் லுகஷென்கோவுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். அப்போது கைகொடுத்தவர் புதின். 2022-ல் பெலாரஸ் மண் வழியாகவே ரஷ்யப் படை கீவ் நோக்கி நகர்ந்தது. ஆனாலும் தன் சொந்த ராணுவத்தை லுகஷென்கோ போருக்கு அனுப்பவில்லை. இடம் கொடுத்தார், ஆள் கொடுக்கவில்லை.

பின்லாந்து: பயம் முடிவை மாற்றியது

ரஷ்யாவோடு சுமார் 1,340 கி.மீ. எல்லை. பல பத்தாண்டுகளாக எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்த நாடு இது. உக்ரைனுக்கு நடந்தது நாளை நமக்கும் நடக்கலாம் என்ற எண்ணம் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 2022 மே மாதம் விண்ணப்பித்து, 2023 ஏப்ரல் 4-ல் நேட்டோவில் சேர்ந்தேவிட்டது. நேட்டோ விரிவடையக் கூடாது என்று சொன்ன ரஷ்யாவுக்கு, நேட்டோவுடனான நில எல்லை இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டதுதான் மிச்சம்.

கஜகஸ்தான்: நெருப்புக் காயும் தூரம்

இதுதான் ரொம்பவே சிக்கலான கேஸ். 2022 ஜனவரியில் உள்நாட்டுக் கலவரத்தை அடக்க அதிபர் டோகயேவ் உதவி கேட்டபோது, ரஷ்யா தலைமையிலான கூட்டணிப் படை வந்தது. அந்நாட்டு எண்ணெய் ஏற்றுமதியில் பெரும்பகுதி ரஷ்யாவின் நோவோரோசிஸ்க் துறைமுகம் அருகே முடியும் குழாய் வழியாகத்தான் போகிறது. வடக்கு மாகாணங்களில் ரஷ்ய இனத்தவர் கணிசமாக வசிக்கிறார்கள்.

அப்படியானால் ரஷ்யா பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையா? நடந்தது வேறு. 2022 ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பொருளாதார மாநாட்டில், புதின் இருந்த அதே மேடையில், டொனெட்ஸ்க், லுஹான்ஸ்கைத் தனி நாடுகளாக அங்கீகரிக்க மாட்டோம் என்றார் டோகயேவ். காரணம் எளிது. ‘அங்கே எங்கள் மக்கள் இருக்கிறார்கள்’ என்று சொல்லி எல்லையை மாற்றலாம் என்று ஏற்றுக்கொண்டால், அடுத்த கேள்வி தன் வீட்டு வாசலுக்கே வரும். ஐ.நா.வில் மௌனம், மேடையில் மறுப்பு. எண்ணெய்க் குழாயும் தப்ப வேண்டும், எல்லையும் தப்ப வேண்டும்.

ஹங்கேரி: கூட்டணியில் இருந்தும் தனி வழி

உக்ரைனின் மேற்குப் பக்கத்திலும் ஒற்றுமை இல்லை. போலந்து லட்சக்கணக்கான அகதிகளை ஏற்றது, ஆயுதங்கள் போகும் முக்கிய வழியாகவும் மாறியது. அதே நேட்டோ, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த ஹங்கேரியின் ஓர்பான் அரசோ, தன் எல்லை வழியாக ஆயுதம் போக அனுமதிக்கவில்லை. ரஷ்யக் குழாய் எண்ணெய்க்குத் தடையிலிருந்து விலக்கும் வாங்கிக்கொண்டது.

செய்தியை எப்படிப் படிப்பது?

அடுத்த முறை எங்காவது வெளிநாட்டுப் படை நுழைந்தால், பக்கத்து நாடுகளின் அறிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: அந்த ஆட்சியைக் காப்பாற்றுவது யார்? அதன் எண்ணெயும் எரிவாயுவும் எந்த வழியாகப் போகிறது, வருகிறது? நாளை அதே நியாயம் தன் மீதும் திரும்புமா?

இவை வெறும் ராஜதந்திரக் கணக்குகள் அல்ல. அகதிக்குக் கதவு திறக்குமா, ஆயுத லாரி எல்லை தாண்டுமா என்பதெல்லாம் இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.