அடுப்பின் விலையும் அன்னையின் உழைப்பும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளாதாரம்)

"ஆண்டு மலரில் எழுதுவதற்கு அடுப்பைத் தவிர வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நிலவைப் பற்றியும் நீதியைப் பற்றியும் எழுத இக்கல்லூரியில் ஆற்றல் மிக்கவர் பலர் உளர். ஆனால், காலைப் பேருந்தைப் பிடிக்க ஓடிவரும் நம் ஒவ்வொருவரின் சோற்றுப் பாத்திரத்துக்குப் பின்னாலும் ஓர் அடுப்பு எரிந்திருக்கிறது. அந்த அடுப்பின் முன்னே ஒரு தாய் நின்றிருக்கிறாள். ஆகவே, அடுப்பைப் பற்றிப் பேசுவது நம்மைப் பற்றிப் பேசுவதே ஆகும்.

நம் பேராசிரியர்களுள் மூத்தவர்கள் மாணவர்களாக இருந்த 1980களில், எரிவாயு இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விறகும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தாம் பெரும்பாலான வீடுகளில் துணை. பின்னர் காலம் மாறியது. 2006ஆம் ஆண்டு தேர்தலுக்குப் பின் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இன்று நமக்குள்ள கேள்வி 'எரிவாயு கிடைக்குமா?' என்பதன்று, 'எந்த அடுப்பை வாங்குவது?' என்பதே. இக்கேள்விக்கு நான் ஒருமுறை தவறான விடை எழுதினேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் வாங்கிய அடுப்பு

எங்கள் வீட்டுக்கு 2008இல் வந்தது அரசு தந்த இரட்டை அடுப்பு. பதினைந்து ஆண்டுகள் உழைத்தது. இறுதியில் குமிழ் தேய்ந்து, பர்னர் அரித்துப் போனது. கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு வியப்பூட்ட வேண்டும் என்ற ஆவலில், அவரிடம் சொல்லாமலேயே கடைக்குச் சென்றேன். கறுப்புக் கண்ணாடி மேற்பரப்பில் மூன்று பர்னர்கள் பளபளக்கும் அடுப்பு ஒன்று என் கண்ணைப் பறித்தது. அங்கிருந்தவற்றுள் விலையும் குறைவு. வேறெதையும் பார்க்கவில்லை.

அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தார். சில மாதங்களுக்குப் பின்னரே நான் கவனித்தேன்: பாத்திரங்களின் அடியில் கரி. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடியது. 45 நாள் வந்த சிலிண்டர் 38 நாளில் தீர்ந்தது. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "அடுப்பு அழகாத்தான் இருக்குப்பா. சோத்துப் பானைய வச்சா கொழம்புச் சட்டிக்கு எடம் இல்ல, அவ்வளவுதான். நீ ஆசையா வாங்கிட்டு வந்தத எப்படிச் சொல்றது?" என்றார். மூன்று பர்னர்கள் இருந்தும் ஒரே நேரத்தில் ஒன்றில்தான் சமைத்துக்கொண்டிருந்தார் என் அன்னை! அதனால் அவர் விடியலில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்துகொண்டிருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். அடுப்பைத் திருப்பிப் பார்த்தேன்; ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கும் இல்லை.

விலை வேறு, செலவு வேறு

நம் பொருளாதார வகுப்பில் மாறாச் செலவு, மாறும் செலவு என்று இரண்டு படிக்கிறோம். அடுப்பின் விலை ஒருமுறை கொடுப்பது. எரிவாயுவின் விலை அடுப்பு உழைக்கும் காலமெல்லாம் கொடுப்பது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் பெற்ற நான், கடையில் அதை மறந்தேன்.

வீட்டு சிலிண்டர் ஒன்றில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. இந்தியத் தரக் கட்டுப்பாட்டின்படி, அடுப்பில் பிறக்கும் வெப்பத்தில் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்தைச் சேர வேண்டும். தரமற்ற அடுப்பில் 58 பங்கே சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறத்தாழ 1.4 கிலோ எரிவாயு கூடுதலாக வீணாகிறது என்பது கணக்கு. எங்கள் வீட்டில் ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் போதும் என்றிருந்த நிலை மாறி ஒன்பதரை ஆயிற்று. கடையில் நான் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய் ஓராண்டுக்குள் சுடரோடு போயிற்று. குறைந்த விலை அடுப்பு வேறு. சிக்கனமான அடுப்பு வேறு என்பது என் கருத்து.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. அது இல்லாத அடுப்பை இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது. சில அடுப்புகளில் எரிபொருள் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியும் இருக்கும். நட்சத்திரம் கூடக்கூட எரிவாயு மிச்சம்.

இரண்டாவது, பர்னரின் எண்ணிக்கையைவிட அவற்றின் இடைவெளி முக்கியம். நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, ஒரு பெரிய பர்னரும் ஒரு சிறிய பர்னரும் உள்ள இரட்டை அடுப்பு போதும். வீட்டின் பெரிய பானையும் குழம்புச் சட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். அவற்றின் வாயகலத்தை ஒரு நூலால் அளந்து கொண்டு கடைக்குச் செல்வதில் வெட்கமேதும் இல்லை.

மூன்றாவது, பர்னர் கனமான பித்தளையாக இருத்தல் நலம். மெல்லிய உலோகம் நாளடைவில் வளைந்து, சுடரைக் கெடுக்கும். மேற்பரப்பு எவர்சில்வரா, கண்ணாடியா என்பது அவரவர் விருப்பம். கண்ணாடியைத் துடைப்பது எளிது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கனத்த பாத்திரம் தவறி விழுந்தால் எவர்சில்வர் நசுங்கும், கண்ணாடி நொறுங்கும். நம் சமையலறைகளில் குண்டானும் குக்கரும் புழங்குவதை நினைத்துப் பார்த்தால், எவர்சில்வரே ஏற்றது. திருகினால் தானே பற்றிக்கொள்ளும் வசதிக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குப் பதில், ஒரு லைட்டர் வாங்கினால் போதும்.

நான்காவது, அடுப்போடு சேர்ந்த செலவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். தரையில் அடுப்பை வைத்துச் சமைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. சிலிண்டரைவிட உயரத்தில் அடுப்பை ஏற்றிவைக்க ஒரு கடப்பைக்கல் மேடை வேண்டும். ரப்பர் குழாயும் முத்திரை பெற்றதாக, ஒன்றரை மீட்டருக்கு மிகாததாக இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியாக, குமிழும் பர்னரும் உள்ளூரிலேயே கிடைக்கும் அடுப்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

யார் தேர்ந்தெடுப்பது?

"கையில் இருக்கும் பணத்துக்குத்தானே பொருள்? ஏழைக்குத் தரம் பார்க்க வசதி ஏது?" என்று கேட்பார் உண்டு. இது நியாயமான கேள்வியே. ஆனால், வசதி உள்ளவனுக்கு ஒன்றரை சிலிண்டர் பெரிதன்று. ஏழைக்கோ அது பெருஞ்சுமை. ஆகவே, தரம் பார்க்க வேண்டிய கட்டாயம் ஏழைக்குத்தான் அதிகம். மூன்று பர்னரின் பகட்டை விட்டு இரண்டு பர்னரின் தரத்தை வாங்கினால், விலை பெரும்பாலும் சமமாகிவிடும். பணம் போதாதபோது இரண்டு மாதம் பொறுத்து வாங்குவதும் அறிவுடைமையே.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. சமைப்பவர் பெண், ஆனால் கடைக்குச் சென்று அடுப்பைத் தேர்ந்தெடுப்பவர் பல வீடுகளில் ஆண். ஏர் பிடிப்பவனைக் கேட்காமல் யாரும் ஏர் வாங்குவதில்லை. அடுப்பை மட்டும், அதன் முன் நிற்பவரைக் கேட்காமலே வாங்கிவிடுகிறோம். அதற்கு அன்பளிப்பு என்று பெயரும் சூட்டுகிறோம். கேளாமல் தந்த அன்பளிப்பு, பெறுபவரின் வாயைக் கட்டிவிடுகிறது. என் அன்னை மௌனமாகக் கரி துடைத்த மாதங்களே இதற்குச் சான்று.

நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலை செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அடுத்த முகாமில், கிராமத்து வீடுகளுக்குச் சென்று சுடர் நீலமாக எரிகிறதா, குழாய் வெடித்திருக்கிறதா, அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் உள்ளதா என்று பார்த்துச் சொன்னால் என்ன? வெப்பம் பற்றி நமக்கு எடுத்துரைக்க இயற்பியல் துறையினர் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

சென்ற பொங்கலுக்கு முன் மீண்டும் ஓர் அடுப்பு வாங்கினோம். இம்முறை அம்மாவும் வந்தார். பானை அளவுக்கு முடிச்சுப் போட்ட நூலைக் கையில் வைத்திருந்தார். கடைக்காரரிடம் அவர் கேட்ட கேள்விகளில் பாதி எனக்குத் தோன்றியிராதவை. எவர்சில்வர் இரட்டை அடுப்பு ஒன்று இப்போது எங்கள் வீட்டில் நீலமாக எரிகிறது.

நண்பர்களே! நாளை நாம் சம்பாதிக்கப் போகிறவர்கள். முதல் ஊதியத்தில் வீட்டுக்கு அடுப்பு வாங்க நினைத்தால், பணப்பையை எடுக்குமுன் அன்னையை அழைப்போம். அடுப்பை அறிந்தவர் அவரே.