காசை எண்ணும் சர்க்கார் கம்பியை எண்ணுமா?

குன்றத்தூருக்கு அடுத்த திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. லேத்துப் பட்டறைகளும் பிரஸ் கூடங்களும் இரவும் பகலும் ஓடுகின்றன. சுற்றிலும் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. அதைக் கூறு போட்டு, கல் நட்டு, அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு என்று விற்றார்கள். வாங்கியவர்களில் பட்டறைத் தொழிலாளிகள் உண்டு, அதே வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளும் உண்டு. வட்டிக்குக் கடன் வாங்கி, முன்னே ஓர் அறை, பின்னே ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டைத் தளம் என்று கட்டிக்கொண்டார்கள். குடும்பம் பெருகியதும் வாசலில் ஒரு திண்ணை, மாடியில் நாலடி நீட்டி ஒரு பால்கனி, மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஒரு தகரக் கொட்டகை.

இது ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் 2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவை நினைத்துப் பார்க்கட்டும். செம்பரம்பாக்கம் ஏரி திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை வாசிப்பார்களே, சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று, அந்த வரிசையில் உள்ள ஊர் இது. தரைத்தளம் முழுகினால் குழந்தையையும் அடுப்பையும் ரேஷன் அரிசியையும் எங்கே கொண்டுபோவது? மாடிக்குத்தான். அங்கே தலைக்கு மேல் ஒரு தகரம் இருந்தால் உயிர் தப்பும். சிலருக்கு மொட்டை மாடி சாயங்காலக் காற்று வாங்குகிற இடம், நமக்கு அது ஓடம்.

இந்தத் திண்ணைக்கும் பால்கனிக்கும் கொட்டகைக்கும் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். 1971-ம் வருஷத்து நகர், ஊரமைப்புச் சட்டமும், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகளும், தெருவிலிருந்து எவ்வளவு, பக்கத்து மனையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அளந்து சொல்கின்றன.

அனுமதி என்ற சொல் நமக்குப் பழக்கமானதே. தஞ்சை ஜில்லாவில் விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை மிராசுதாருடையது. அவர் முகம் கோணினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். இப்படி வெளியேற்றுவதைத் தடுக்க 1961-ல் ஒரு சட்டமும், குடியிருப்பு மனையைச் சொந்தமாக்க 1971-ல் ஒரு சட்டமும் வந்தன. அவை தானாக வந்தவையல்ல, கேட்டு வாங்கியவை. ஆகவே, அனுமதி கேள் என்று இன்று யாராவது சொன்னால், எதற்காக, யாருடைய நன்மைக்காக என்று திருப்பிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

விதியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தெருவை அடைத்துக் கட்டினால் தீயணைப்பு வண்டி நுழையாது. இடைவெளி விடாமல் கட்டினால் அண்டை வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் போகும், மழைத் தண்ணீர் போக வழியிருக்காது. இதை ஏற்கிறோம்.

2024 ஜூலையில் சர்க்கார் சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்கு உட்பட்டு, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டினால், கணினி வழியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி. முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை, கட்டி முடித்த சான்றிதழும் தேவையில்லை. கூலியை இழந்து ஆபீசுக்கு நடப்பதும், மேஜைக்கு மேஜை கையை நீட்டுவதும் குறையும். வரவேற்கிறோம்.

ஆனால் இதனால் யாருக்கு லாபம்? பத்திரமும் அங்கீகாரமும் சரியாக உள்ளவருக்கு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் ஹைகோர்ட் தடை போட்டது. வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. வயலைக் கூறு போட்டு விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டார். வரன்முறைக் கட்டணம் வாங்கியவன் தலையில்! கட்ட முடியாதவன் வீடு இன்றும் காகிதத்தில் வீடே அல்ல. அவன் எந்தப் பால்கனிக்கு எந்த அனுமதியைக் கேட்பான்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கட்டிட வேலைக்குப் போகும் தோழர்களுக்கு இது தெரியும், மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு சுவரின் மேல் உட்காரும் சாதாரணத் தளத்தில் பாரம் நடுவை அழுத்துகிறது. இழுபடுவது அடிப்பக்கம், எனவே முக்கியக் கம்பி அடியில் இருக்க வேண்டும். பால்கனி அப்படியல்ல. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம், மறுபக்கம் அந்தரம். பாரம் ஏறினால் இழுபடுவது மேல்பக்கம். ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். அது வெளியே நீட்டும் தூரத்துக்குக் குறையாமல், இன்னும் கூடுதலாகவே, உள்தளத்துக்குள்ளும் ஓடியிருக்க வேண்டும். சரியாகத்தான் கட்டியிருப்பார் கம்பி கட்டுகிறவர். கான்கிரீட் சட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் அதன்மேல் மிதித்து நடப்பார்கள், மேல்கம்பி அடியில் போய்ப் படுத்துவிடும். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. முட்டைப் பிரிக்கும் அன்றைக்கோ, நுனியில் செங்கல் கைப்பிடிச் சுவர் எழுப்பும் அன்றைக்கோ, பால்கனி மொத்தமாக மடிந்து விழும். அடியில் நிற்பவர் சித்தாள் பெண்.

பழைய தளத்தில் துளை போட்டு, கம்பியைச் செருகிப் புதிதாக நீட்டுவது இதைவிட அபாயம். செருகிய கம்பிக்கு உள்ளே பிடிமானம் ஏது? தகரக் கொட்டகைக்கு வேறு கணக்கு. காற்று அதை அழுத்துவதைக் காட்டிலும் அடியில் புகுந்து தூக்கத்தான் பார்க்கும். குழாய்க் காலைத் தூண் அல்லது உத்திரத்தோடு போல்ட் போட்டு இறுக்காமல், கைப்பிடிச் சுவரில் சொருகிவிட்டால், 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா அடித்தபோது பறந்த தகரங்களின் கதிதான்.

கட்டணம் வாங்கும் அதிகாரிகள் இதில் எதைப் பார்க்கிறார்கள்? சதுர அடியைப் பெருக்குகிறார்கள், ரசீது தருகிறார்கள். கம்பி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை.

பெரிய கட்டிடங்களின் யோக்கியதை என்ன? திருமுடிவாக்கத்திலிருந்து சில மைல் தூரத்தில்தான் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28-ம் தேதி அங்கே கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திரா, ஒரிசா, தமிழ்நாடு என்று பல திசைகளிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். அந்தக் கட்டிடத்துக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருந்தது! பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பரில் சர்க்காரே வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. வரைபடத்தில் குத்திய முத்திரை தூணைத் தாங்கவில்லை.

ஆற்றங்கரையில் நடப்பதையும் பாருங்கள். அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு விமான ஓடுபாதை நீட்டினார்கள். அதற்கு எல்லா அனுமதியும் கிடைத்தது. 2015 வெள்ளத்தில் விமான நிலையமே நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. அதே ஆற்றின் கரையில், அனகாபுத்தூரில், 2025 மே மாதம் ஏழைகளின் வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளினார்கள். விதியின் கைக்கு எட்டுவது எப்போதும் தாழ்ந்த கூரைதான் போலிருக்கிறது.

கலைஞர் கனவு இல்லம் என்று 360 சதுர அடியில் கிராமத்து ஏழைகளுக்கு வீடு தருகிறார்கள். அதில் 300 சதுர அடிதான் கான்கிரீட். நாளைக்கு அந்தக் குடும்பமும் ஒரு திண்ணை இழுக்கும், மேலே ஒரு கொட்டகை போடும். அதைத் தடுப்பதற்கு விதி எழுதுவதைவிட, விழாமல் கட்டுவதற்கு வழி சொல்வது சர்க்காருக்குச் சுலபம், செலவும் குறைவு.

என்ன வழி? நாலடி பால்கனிக்கும், பத்தடி கொட்டகைக்கும், திண்ணைக்கும் கம்பி அளவோடு தமிழில் மாதிரி வரைபடம் அச்சிட்டு ஒவ்வொரு ஊராட்சியிலும் இனாமாகக் கொடுக்கட்டும். அதன்படி கட்டுகிறவரிடம் கட்டணம் வேண்டாம். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் தகவல் கொடுத்தால், ஒன்றியப் பொறியாளர் வந்து கம்பியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்ற வழக்கை அதோடு முடிச்சுப் போடக் கூடாது. பட்டா இல்லாத வீட்டின் பால்கனி விழுந்தாலும் சாகிறவர் மனிதர்தானே! பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். மத்திய சட்டப்படி கட்டிடச் செலவில் 100-க்கு 1 வீதம் தொழிலாளர் நலனுக்கென்று வசூலாகிறது. கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் கூலியோடு மூன்று நாள் பயிற்சி தர அதைவிட நியாயமான பணம் எது?

மே முதல் தேதி கிராம சபை கூடும் நாள். பட்டறைக்கு அன்று விடுமுறை. கம்பி கட்டுகிறவர்களும் சித்தாள் பெண்களும் முன்னால் போய் உட்கார்ந்து, கம்பியைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற தீர்மானத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.