உத்தரவாதம் முடிந்தால் பொறுப்பும் முடியுமா?

விற்பனை ஒரு நாளில் முடிந்துவிடும் செயல். விற்ற பொருளுக்கான பொறுப்போ அப்பொருள் உழைக்கும் நாள்வரை தொடரவேண்டிய கடன். இவ்வுண்மையை வணிக உலகம் விரும்பி ஏற்பதில்லை. வாங்க வருவோரைக் கண்டு மலரும் முகம், உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாளே வாடிவிடுகிறது. மின்சாரக் காரின் உயிர்நிலையாகிய பேட்டரியைப் பொறுத்தவரை, இம்முகமாற்றம் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கவல்லது.

மலேசியாவில் முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட மின்சாரக் கார்களுக்கு 2022 தொடக்கம் முதல் 2025 இறுதி வரை இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டிருந்தன. அச்சலுகையின் நிழலில் பல நிறுவனங்களின் கார்கள் நாட்டுக்குள் வந்தன. பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் அளிக்கும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே எல்லை. வாகனக் கடனோ 9 ஆண்டு வரை நீள்கிறது. கடன் தீருமுன்பே காவல் தீர்ந்துவிடுகிறது! 2022இல் வாங்கப்பட்ட கார்கள் 2030இல் அந்த எல்லையைத் தொடும். வசதியுள்ள முதல் உரிமையாளர் அதற்கு முன்பே காரை விற்றுவிட்டு விலகிக்கொள்வார். பழைய காரை வாங்கும் எளிய குடும்பத்தின் தலைமீதே சுமை இறங்கும்.

இஃது வீண் அச்சமன்று என்பதற்கு லீஃப் என்னும் காரின் வரலாறே சான்று. நிசான் நிறுவனத்தின் இக்கார் 2010 டிசம்பரில் சப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. 24 கிலோவாட் மணி கொள்ளளவுடைய அதன் பேட்டரியில் 48 கட்டுகள் இருந்தன. கட்டுக்கு 4 ஆக 192 மின்கலங்கள். அவற்றைக் குளிர்விக்க நீர்மச் சுற்றோட்டம் எதுவும் இல்லை. வெப்பமோ மின்கலத்தின் பகை. அரிசோனா மாநிலத்தின் பாலை வெயிலில் ஓடிய கார்கள் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கொள்ளளவை இழந்தன. உரிமையாளர்கள் 2012இல் வழக்குத் தொடுத்தனர். அதன் பின்னரே, 5 ஆண்டு அல்லது 60,000 மைல் வரை கொள்ளளவு இழப்புக்கும் உத்தரவாதம் தர நிறுவனம் முன்வந்தது. மாற்றுப் பேட்டரிக்கு அமெரிக்காவில் 5,499 டாலர் என விலை குறிக்கப்பட்டது 2014இல்தான். பழையதைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் நிபந்தனை. காரை விற்ற நாளில் சொல்லியிருக்க வேண்டிய விலையை அறிய மக்கள் மூன்றாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பேட்டரி நலிந்தால் முழுவதையும் மாற்றுவதே வழி என்று கூறப்படுவதுண்டு. அக்கூற்று எல்லா வேளையிலும் உண்மையாகாது. மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று நலிந்தாலும் மற்றவை அதன் அளவுக்கே இயங்க முடியும். நோயுள்ள கட்டைக் கண்டறிந்து அதனை மட்டும் மாற்றினால் எஞ்சியவை இன்னும் பல காலம் உழைக்கலாம். இதனைச் சப்பானே செய்து காட்டியது. நிசானும் சுமித்தோமோவும் இணைந்து தொடங்கிய நிறுவனம், 2018 மார்ச்சில் புக்குஷிமா மாநிலத்து நாமியே நகரில் ஓர் ஆலையைத் திறந்தது. பழைய பேட்டரிகளைப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் அளந்து, ஒத்த வலிமையுடையவற்றை ஒன்றுசேர்ப்பதே அதன் பணி. அவ்வாறு புதுப்பித்த 24 கிலோவாட் மணி பேட்டரி 300,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது; புதியதன் விலை 650,000 யென். பாதி விலைக்கும் குறைவாகவே வழி இருக்கும்போது, வழியே இல்லை என்று கைவிரிப்பது எவ்வகையில் அறமாகும்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். காருக்கு ஆகாது என்று கழிக்கப்பட்ட பேட்டரியும் சூரிய மின்சாரத்தைச் சேமித்துவைக்க உதவும். ஆதலின் அதனைக் குப்பையெனக் கூறி வாங்கிக்கொள்ளாமல், அதற்குரிய மதிப்பைக் கழித்தே புதியதற்கு விலை கேட்க வேண்டும்.

பேட்டரியை வெளிப் பட்டறைகள் திறப்பது ஆபத்து என்பது நிறுவனங்களின் மறுப்பு. அதில் உண்மை உண்டு. 350 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உயிரைப் பறிக்கும். ஆயின், ஆபத்துக்கு மருந்து பயிற்சியும் சான்றிதழுமே. உயர் அழுத்த மின்கம்பிகளிலும் மனிதர்தாம் பயின்று பணியாற்றுகின்றனர். பாதுகாப்பின் பெயரால் மென்பொருளைப் பூட்டுவதும், பிரிக்கவே இயலாதவாறு மின்கலங்களைப் பசையிட்டு ஒட்டுவதும் வாங்கியவரின் கைகளைக் கட்டும் செயல்களே.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் விற்பவர்மீதும் சுமத்துகிறது. நல்ல சட்டமே. ஆனால், நியாயமான காலம் எத்தனை ஆண்டு என்று அது வரையறுக்கவில்லை. அவ்வசதிகளுக்குத் தாம் பொறுப்பேற்கவில்லை என்று விற்கும்போதே அறிவித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளவும் அது வாயில் திறந்து வைத்திருக்கிறது. வேலி போட்டவரே வேலியில் வழியும் விட்டார்!

அவ்வாயில் மின்சாரக் கார்களைப் பொறுத்தவரை அடைக்கப்பட வேண்டும். விற்ற நாளிலிருந்து குறைந்தது 15 ஆண்டுக்குப் பேட்டரியும் அதன் கட்டுகளும் கிடைக்க வேண்டும். மாற்றும் செலவு விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பேட்டரியின் உடல்நிலையைக் காட்டும் தரவுகள் உரிமையாளருக்கும் அவர் நாடும் பட்டறைக்கும் திறந்திருக்க வேண்டும். இவை பேராசைக் கோரிக்கைகள் அல்ல. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய பேட்டரி விதிமுறை, ஒவ்வொரு மின்சாரக் கார் பேட்டரிக்கும் மின்னியல் கடவுச்சீட்டு ஒன்று வேண்டுமென விதித்து, 2027 பிப்ரவரியை அதற்குரிய நாளாகக் குறித்தது. ஐரோப்பியருக்கு அறிய உரியது ஆசியருக்கு மறைக்க உரியதாகுமோ?

இதனைப் பொறியாளரின் சிக்கல் என்று கற்றோர் ஒதுக்கிவிடலாகாது. ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துப் பொருள் கூறும் ஆற்றலும் கல்வியின் பயன்தான். 2030க்கு இன்னும் நெடுங்காலம் இல்லை. கையொப்பமிடும் முன், "உத்தரவாதம் முடிந்த பின் இதனை யார் பழுதுபார்ப்பார், என்ன விலைக்கு?" என்று ஒவ்வொருவரும் கேட்டு, விடையை எழுத்தில் பெறட்டும். விடை தர மறுப்பவரிடம் பணம் தர மறுப்பதே வாங்குவோரின் கையிலுள்ள வலிய படைக்கலம்.