தரகனை ஒழிக்க வரும் தரகர்கள்

இடைத்தரகனை ஒழிப்போம் என்பது இன்று முதலாளிகளும் உச்சரிக்கும் முழக்கமாகிவிட்டது. ஒருகாலத்திற் கூட்டுறவாளரும் தொழிற்சங்கத்தாரும் எழுப்பிய இக்குரல், இப்பொழுது ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் 'ஹக்கத்தோன்' எனப்படும் நிரலாக்கப் போட்டி மண்டபங்களில் ஒலிக்கின்றது. இளைஞர் நால்வர் ஐவராகச் சேர்ந்து, கண்விழித்து, 36 அல்லது 48 மணி நேரத்துள் ஒரு மென்பொருளின் மாதிரியை ஆக்கி நடுவர் முன் வைக்கின்றனர். அவ்வாறு வைக்கப்படும் மாதிரிகளுள் அடிக்கடி தலைகாட்டும் ஒன்றுண்டு. பயணச்சீட்டையும் தங்கும் அறையையும் 'புளொக்செயின்' என்னும் தொடர்பேரேட்டின் வழியாகப் பதிவு செய்யும் திட்டமே அது. விருந்தினனும் விடுதிக்காரனும் நேருக்கு நேர் கொடுக்கல் வாங்கல் செய்வர், தரகு ஒழியும், அதனோடு சுரண்டலும் நீங்கும் என்று வாக்களிக்கப்படுகின்றது.

இவ்வாக்கை நாம் நம்பவில்லை. ஆயினும், கேலிசெய்து ஒதுக்கிவிடவும் விரும்பவில்லை. இதனை நம்பி உழைக்கும் மாணவருட் பலர் நேர்மையானவர்கள். அவர்தம் கோபமும் நியாயமானது. 1996இல் நெதர்லாந்திலே தொடங்கிய புக்கிங் நிறுவனமும், 2008இல் சான்பிரான்சிஸ்கோவிலே தோன்றிய எயார்பிஎன்பியும் இன்று உலகத்துப் படுக்கையறைகளுக்கெல்லாம் சுங்கச் சாவடிகளாக நிற்கின்றன. அறைக் கட்டணத்திலே 100க்கு 15 அளவான பங்கைப் புக்கிங் தரகாக எடுத்துக்கொள்வது வழமை. அறுகம்குடாவிலும் எல்லவிலும் நாலைந்து அறைகளை வைத்துப் பிழைக்கும் நம்மவரும் இதே சாவடியிலேதான் இறுக்குகின்றனர். 2024 ஜூலையில் ஸ்பெயின் நாட்டின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், தன் ஆதிக்க நிலையைத் துஷ்பிரயோகம் செய்ததற்காகப் புக்கிங் மீது 41 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தண்டத்தை விதித்தது. விடுதிக்காரர் தம் சொந்தத் தளத்திற்கூட அதே அறையைக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாகாது என்ற நிபந்தனையும் அக்குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நிறுவனம் அத்தீர்ப்பை ஏற்கவில்லை.

நோய் உண்மையானது. ஆயின் மருந்து யாது?

தொடர்பேரேடு என்பது பல கணினிகளில் ஒரேபடியாக வைக்கப்படும் கணக்கேடு. ஒவ்வொரு கட்டுப் பதிவும் தனக்கு முந்திய கட்டின் கணிதக் குறியைத் தன்னுள்ளே தாங்கி நிற்பதால், பழைய பதிவொன்றைத் திருத்த முனைபவன் அதன் பின்வந்த அனைத்தையும் திருத்த நேரிடும். 2015இல் இயங்கத் தொடங்கிய எதீரியம் என்னும் பேரேடு, நிபந்தனை நிறைவேறியதும் தானே பணத்தைக் கைமாற்றும் நிரல்களையும் தாங்கவல்லது. ஓர் அறையின் ஓரிரவை ஒரு 'ரோக்கன்' ஆக்கி அதிலே பதிந்துவிட்டால், அவ்விரவை இருவருக்கு விற்க இயலாது. இது பொய்யன்று. கணக்கியல் நோக்கில் நல்லதொரு சாதனையே.

ஆனால், ஒரே அறை இருமுறை விற்கப்படுவதா விடுதிக்காரனை வாட்டும் நோய்? அதற்கொரு குறிப்புப் புத்தகமும் தொலைபேசியும் போதுமே. தரகனுடைய பலம் அவன் கணக்கேட்டில் இருந்ததேயில்லை. அவன் திறந்து வைத்திருக்கும் யன்னலில் இருக்கின்றது. பயணி எதை முதலிற் காண்கிறான், எதைப் பத்தாவது பக்கத்திலும் காணாது போகிறான் என்பதைத் தீர்மானிப்பவனே தரகன். அந்த யன்னலை ஊரெங்கும் விளம்பரப்படுத்தப் புக்கிங் நிறுவனக் குழுமம் ஆண்டுதோறும் பல நூறு கோடி டொலர்களைக் கொட்டுகின்றது. அதிற் பெரும்பகுதி கூகிள் போன்ற இன்னொரு சுங்கச் சாவடிக்கே போய்ச் சேர்கின்றது. தொடர்பேரேட்டுக்கு யன்னல் இல்லை. எவனாவது ஒருவன் அதனைச் செய்து, அதன்முன் மக்களைக் கூட்ட வேண்டும். கூட்டுவதற்கு மூலதனம் உடையவன் எவனோ, அவனே அடுத்த தரகன்.

வரலாறு இதனை முன்னரே காட்டியிருக்கின்றது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து 1960 அளவில் 'சேபர்' என்னும் கணினிப் பதிவு முறையை இயக்கத் தொடங்கின. பயண முகவரின் மேசைக்கு அந்தத் திரை வந்து சேர்ந்தபொழுது, அதனை உடைமையாகக் கொண்ட விமான நிறுவனத்தின் பறப்புகளே முதல் வரிகளிலே காட்சியளித்தன. கணக்கிலே எவ்விதப் பொய்யும் எழுதப்படவில்லை. வரிசையைச் சற்று மாற்றிவைத்தமையே போதுமாயிற்று. 1984இல் அமெரிக்க அரசு விதி செய்து இப்பாரபட்சத்தைத் தடுக்க வேண்டியதாயிற்று. தடுத்தது சட்டம், புதிய கணக்கேடன்று.

ஐரோப்பிய விமான நிறுவனங்கள் அமெரிக்கத் திரைகளுக்கு அஞ்சி 1987இல் 'அமேடியஸ்' என்னும் தமது முறையை நிறுவின. எயார் பிரான்ஸ், ஐபீரியா, எஸ்ஏஎஸ் ஆகியவற்றோடு ஜேர்மனியின் லுப்தான்சாவும் அதன் தாபகருள் ஒன்று. காலம் சென்றது, அமேடியஸ் தனித்து வளர்ந்த தரகு முதலாயிற்று. 2015 செப்ரெம்பரில் அதே லுப்தான்சா, இத்தகைய முறைகளின் வழி வாங்கப்படும் ஒவ்வொரு சீட்டுக்கும் 16 யூரோ மேலதிகமாக அறவிடத் தொடங்கியது. 2017இல் தொடர்பேரேட்டு வழியாகத் தரகை ஒழிக்கப் புறப்பட்ட 'வைண்டிங் ரீ' என்னும் சுவிற்சர்லாந்து அமைப்போடு கைகோத்தது. தான் பெற்ற தரகனைத் தானே ஒழிக்க மாணவரின் தோளைத் தேடுகின்றது ஒரு பெருங் கொம்பனி! மூலதனம் மூலதனத்தோடு இலாபப் பங்கிற்காகப் பிணங்கும் பிணக்கை, மக்களின் விடுதலைப் போர் என்று நம் இளைஞர் மயங்குவானேன்?

வைண்டிங் ரீ இலாபநோக்கற்றது என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. ஆயினும் அதன் முதற்பணம் 2018 தொடக்கத்தில் 'லிஃப்' என்னும் ரோக்கனை விற்றே திரட்டப்பட்டது. எயார்பிஎன்பிக்கு மாற்றாக வீடுகளை வாடகைக்கு விட வந்த பீ ரோக்கன் என்பாரும் அதே பருவத்தில் விற்பனையில் இறங்கினர். விற்பனை நடந்துகொண்டிருக்கும்போதே மோசடிக்காரர் அவர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி ஏறத்தாழ 10 இலட்சம் டொலரைச் சுருட்டினர். மோசடி எங்கும் உண்டு. அதனை வைத்து நாம் வாதாடவில்லை. நாம் கேட்பது வேறு. அறையொன்றைப் பதிவு செய்ய உள்ளூர் நாணயம் போதாதா? ஒவ்வொரு திட்டத்திற்கும் விலை ஏறியிறங்கும் தனிநாணயம் எதற்கு? தரகு 100க்கு 15 என்றால் விடுதிக்காரன் அதனைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். இன்று வாங்கிய ரோக்கன் நாளை என்ன விலை பெறும் என்பதை அவன் எவ்வாறு கணக்கிடுவான்? முன்னர்த் தரகனுக்குக் கொடுத்தான், இனிச் சூதாடிக்குக் கொடுக்கப்போகிறான்.

இக்கனவின் பிறப்பே இதற்குச் சான்று. ஜேர்மனியின் ஸ்லொக்-இற் குழுவினர் 2015இல், பணம் செலுத்தியதும் தொடர்பேரேட்டின் ஆணையால் தானே திறக்கும் கதவுப் பூட்டைக் காட்டினர். வீட்டையும் மிதிவண்டியையும் இடையிலே ஆளின்றி வாடகைக்கு விடலாம் என்றனர். அம்முயற்சிக்குப் பணம் திரட்டும் எண்ணத்திலிருந்தே 2016 வசந்தத்தில் 'த டாஓ' என்னும் நிதியம் பிறந்தது; சில வாரங்களில் 15 கோடி டொலர் பெறுமதியான எதீரிய நாணயம் அதிலே குவிந்தது. நிரலே சட்டம், மனிதத் தீர்ப்புக்கு அங்கு இடமில்லை என்றனர். ஜூன் 17ஆம் தேதி, நிரலிலிருந்த ஓட்டையொன்றின் வழியாக ஒருவர் 36 இலட்சம் நாணயங்களை உறிஞ்சியெடுத்தார். நிரல் அனுமதித்ததையே அவர் செய்தார். அப்பொழுது நிரலே சட்டம் என்றவர் என்ன செய்தனர்? ஜூலை 20ஆம் தேதி, மாற்றவொண்ணாத பேரேட்டை மாற்றிப் பணத்தை மீட்டனர்! மாற்ற மறுத்தோர் பழைய பேரேட்டோடு தனியே பிரிந்து சென்றனர். மீட்டதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. பெரும்பணம் அபாயத்தில் வீழ்ந்தபொழுது மனிதத் தீர்ப்பு கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது என்பதையே குறிக்கின்றோம். தன் அறைக்கு ஒருமாத முற்பணம் இழந்த பயணிக்காக எந்தப் பேரேடும் பிளக்கப்படுமா?

தங்கும் தொழிலிலே பிணக்கு எழாத நாளில்லை. மின்விசிறி சுழலவில்லை, குழாயில் நீரில்லை, படத்திற் கண்ட கடல் யன்னலிற் காணவில்லை என்பவற்றை நிரல் தானாக அறியாது. யாரோ ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னதை யாரோ ஒருவர் நம்பித் தீர்ப்பளிக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபொழுது, வீட்டுக்காரரின் நிபந்தனைகளைத் தள்ளிவிட்டுப் பயணிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எயார்பிஎன்பி ஆணையிட்டது. வீட்டுக்காரர் கொதித்தெழவே, பின்னர் 25 கோடி டொலரை அவர்க்கென ஒதுக்கியது. அந்நிறுவனத்தின் எதேச்சாதிகாரத்தை இதிலே காணலாம். இதே இடத்தில் வளையாத நிரல் இருந்திருப்பின் பயணியே முழுநட்டத்தையும் சுமந்திருப்பான் என்பதையும் காணலாம். தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை யார் கையில், யாருடைய மேற்பார்வையில் வைப்பது என்பது அரசியல் வினா. போட்டி மண்டபத்தில் அவ்வினாவுக்குப் புள்ளி இல்லை.

போட்டியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 'ஹக்கத்தோன்' என்ற பெயர் 1999 ஜூனில், கனடாவின் கல்கரி நகரிலே ஓபன்பிஎஸ்டி நிரலாளர் பத்துப் பேர் கூடியதோடு வழக்கிற்கு வந்தது. இரகசியக் குறிமுறைகளின் ஏற்றுமதிக்கு அமெரிக்கா விதித்திருந்த சட்டத் தடைக்கு அகப்படாமல், எவரும் எடுத்தாளத்தக்க பொதுச்சொத்தான மென்பொருளை எழுதவே அவர்கள் அங்கு கூடினர். இன்றைய மண்டபத்திலோ சுவரெங்கும் அனுசரணைக் கொம்பனிகளின் பதாகைகள். எங்கள் பேரேட்டின்மேல் எழுதினால் இவ்வளவு பரிசு என்று ஒருவர், எங்கள் ரோக்கனைப் பயன்படுத்தினால் அவ்வளவு என்று இன்னொருவர். பரிசு இரண்டொரு குழுக்களுக்கு, உழைப்பு அனைவரிடமிருந்தும். பிழைகள் இலவசமாய்க் கண்டுபிடிக்கப்படுகின்றன, வேலைக்கு எடுக்கத்தக்க கைகள் இலவசமாய்த் தெரிவாகின்றன. சமூகவியலாளர் சரோன் சூக்கினும் மக்ஸ் பப்படன்ரொனாகிசும் நியூயோர்க்கில் ஏழு ஹக்கத்தோன்களைக் கவனித்து 2017இல் எழுதிய ஆய்விலே, நிச்சயமற்ற உழைப்பை ஒரு கொண்டாட்டமாக ஏற்றுக்கொள்ள இளைஞரைப் பழக்கும் சடங்கு இது என்ற முடிவுக்கு வந்தனர். மேலதிக நேரக் கூலி கேட்டுப் போராடிய தொழிலாளியின் பிள்ளை, கூலியே இல்லாத இரவுவேலைக்கு மகிழ்ந்து பெயர் கொடுக்கின்றது.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. அறையைப் பற்றிய அந்தப் பேரேட்டில் அறையைத் துடைத்தவளின் பெயர் இல்லை. விருந்தினன் இருக்கிறான், விடுதிக்காரன் இருக்கிறான், நாணயம் இருக்கின்றது. விரிப்பை மாற்றிக் கழிப்பறையைக் கழுவி முதுகு நொந்தவள் எங்கே? ஸ்பெயினில் 2012இல் வந்த தொழிற்சட்டத் திருத்தம், துறைக்குரிய கூட்டு ஒப்பந்தத்திலும் கீழான ஊதியத்தைக் கொம்பனி ஒப்பந்தத்தால் நிர்ணயிக்க வழிவிட்டது. ஹோட்டல் முதலாளிகள் துப்புரவுப் பணியை வெளி ஒப்பந்தகாரரிடம் தள்ளினர். அறை ஒன்றுக்கு இரண்டு மூன்று யூரோவே கண்ட பெண்கள் இருந்தனர். அவர்கள் அடங்கிக் கிடக்கவில்லை. 'துடைப்பவர்கள்' என்னும் பொருள்பட 'லாஸ் கெலிஸ்' என்று தமக்குப் பெயரிட்டுத் திரண்டனர். 2018இல் நாட்டின் பிரதமரையே சந்தித்து வழக்குரைத்தனர். 2021 முடிவில் அத்திருத்தத்தின் இப்பகுதி மாற்றப்பட்டது.

குடியிருப்போரும் அப்பேரேட்டில் இல்லை. பார்சலோனாவில் உல்லாசப் பயணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் அனுமதிப்பத்திரங்களை 2028 நவம்பருக்குள் முடிவுறச் செய்வதாக நகரபிதா 2024 ஜூனில் அறிவித்தார். நகரத்து வாடகை பத்தாண்டில் 68 விழுக்காடு உயர்ந்ததை அவர் காரணங்காட்டினார். அவ்வீடுகளைத் தரகின்றிப் பதிவு செய்யும் நிரலை எழுதி முதற்பரிசு பெற்றிருந்தாலும், தெருவுக்குத் தள்ளப்பட்ட குடும்பத்திற்கு அதனால் ஒரு சாவியும் கிடைத்திராது.

தரகுக் கொம்பனிகளை அப்படியே விட்டுவிடுவோம் என்பதா நம் கருத்து? அன்று. இத்தாலியின் பொலோனியாவிலிருந்து எழுந்த பெயார்பிஎன்பி என்னும் கூட்டுறவு, தான் பெறும் தரகிற் பாதியை அவ்வவ்வூர்ப் பொதுப்பணிக்குக் கொடுக்கின்றது. அதனினும் எம்மைக் கவர்ந்தது லாஸ் கெலிஸ் பெண்கள் 2021இல் விடுத்த அறைகூவல். துப்புரவுப் பணியை வெளியாருக்குத் தள்ளாது, கூட்டு ஒப்பந்தத்தை மதித்து நடக்கும் ஹோட்டல்களை மட்டுமே காட்டும் பதிவுத்தளம் ஒன்றைத் தாமே அமைக்க அவர்கள் பொதுமக்களிடம் பணம் கேட்டனர். மக்களும் கொடுத்தனர். யன்னல் யாருடையது என்ற வினாவை, நிரலெழுத அறியாத அப்பெண்கள் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தனர்.

அத்தகைய தளத்திற்கும் நிரலாளர் வேண்டும். ஆனால் அந்த வேலை வேறு வகையானது. எந்த ஹோட்டல் பொய் சொல்கின்றது என்பதை அங்கு வேலை செய்யும் பெண்ணே சொல்லவேண்டும். சொன்னவள் யார் என்று முதலாளி அறிந்தால் மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அவள் தந்த சாட்சியத்தைச் சரிபார்க்கவும் வேண்டும், அவள் கேட்டால் சுவடின்றி அழிக்கவும் வேண்டும். அழியாத பேரேடு அவளுக்குப் பாதுகாப்பா, பொறியா? நம் மாணவர் அதனை அவளிடமே கேட்கட்டும். ஒரு வார இறுதியில் அவள் பதில் சொல்லிவிட மாட்டாள். சனி, ஞாயிறு அவளுக்கு வேலை நாள்.