பகலில் சார்ஜ் போடுங்கள்

மின்சாரக் காரைப் பற்றிய வாதம் முழுவதையும் ஒரே மாவட்டத்தில் பார்த்துவிட வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குப் போகலாம். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்து நிலக்கரி ரயிலில் பாரதீப் வந்து, அங்கே கப்பலேறி, வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கி, கன்வேயர் பெல்ட் வழியாக அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அதே துறைமுகத்தில்தான் காற்றாலை இறக்கைகள் நீள லாரிகளில் வந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறுகின்றன. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் அமைந்தது பக்கத்திலுள்ள முள்ளக்காட்டில். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்ததும் இதே தூத்துக்குடியில். கரி, காற்று, கார் மூன்றும் ஒரே ஊரில் இருக்கின்றன. அங்கே தயாராகும் கார் கரியில் ஓடப்போகிறதா, காற்றில் ஓடப்போகிறதா என்பதுதான் சண்டை.

இரு தரப்பின் பேச்சும் நமக்குப் பழகிவிட்டது. ‘புகையே இல்லாத வண்டி’ என்கிறது விளம்பரம். ‘புகைபோக்கி உன் வண்டியில் இல்லை, அனல்மின் நிலையத்தில் இருக்கிறது’ என்று டீக்கடையில் யாராவது மடக்குகிறார்கள். மடக்குபவரிடம் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியால் வருவது. நார்வேயில் விற்கும் புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார் என்ற செய்தியைத் தூக்கிக்கொண்டு வந்து பயனில்லை. அவர்களுக்கு அணைகளிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. நம் கணக்கை நம் மின்சாரத்தை வைத்துத்தான் போட்டாக வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாவதாக மத்திய மின்சார ஆணையம் கணக்கிடுகிறது. சிறிய மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட 15 யூனிட் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், கம்பியில் வீணாவதையும் சேர்த்து மின்நிலையம் 17, 18 யூனிட் தயாரிக்க வேண்டும். ஆக 13 கிலோ. ஊருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு ஆறே முக்கால் லிட்டர் குடிக்கும், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 15 கிலோ ஆயிற்று. கச்சா எண்ணெயை எடுத்து, ஏற்றி வந்து, சுத்திகரிப்பதில் கிளம்பும் புகையையும் சேர்த்தால் 18. மின்சாரக் காருக்குப் பேட்டரியின் பாவம் தனியாக இருக்கிறது. ஒரு கிலோவாட்-மணி பேட்டரி செய்ய 60 முதல் 100 கிலோ வரை கார்பன் வெளியாகிறது என்பார்கள். 30 கிலோவாட்-மணி பேட்டரியுடன் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடினால் 100 கிலோமீட்டருக்கு ஒன்றரைக் கிலோ ஏறும். முடிவில் பதினெட்டுக்குப் பதினாலரை. மின்சாரக் கார் ஜெயித்துவிட்டது, ஆனால் மார்தட்டும் அளவுக்கு இல்லை.

இதிலும் ஒரு சிக்கல். 0.7 என்பது சராசரி. நிலக்கரியை மட்டும் எடுத்துக்கொண்டால் யூனிட்டுக்கு ஒரு கிலோவை நெருங்கிவிடும். அப்போது அந்தப் பதினாலரையும் பதினெட்டாகிவிடும், இரண்டு கார்களுக்கும் வித்தியாசம் இருக்காது. நிலக்கரி மின்சாரம் மட்டும் நம் வீட்டுக்கு எப்போது வருகிறது என்று கேட்கலாம். மாலை ஆறரைக்குச் சூரியத் தகடுகள் ஓய்ந்துவிடுகின்றன. ஏழு மணிக்கு வேலையிலிருந்து திரும்புபவர் விளக்கைப் போட்டு, ஏசியைப் போட்டு, கையோடு காரையும் சார்ஜில் மாட்டுகிறார். ஊரே அப்படி மாட்டும்போது கூடுதலாகக் கேட்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பெரும்பாலும் ஏதோ ஒரு கொதிகலனில்தான் தீயைக் கூட்ட வேண்டியிருக்கிறது. உச்சி வெயிலில் நிலைமை தலைகீழ். ராஜஸ்தானில் 2025இல் சூரிய மின்சாரத்தை எடுத்துப் போகக் கம்பித் திறன் போதாமல், உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விளைந்ததை வாங்க வழியில்லை. இருட்டியதும் கரிக்கு அலைகிறோம்.

தமிழ்நாட்டில் காற்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் சீசன் பிடித்துவிட்டால் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் வந்த நாட்கள் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை இரவில் சார்ஜ் போடுபவரை நான் அதிகம் குறைசொல்ல மாட்டேன். ஐப்பசியில் அதே ஆள் அதே சமாதானத்தைச் சொன்னால் ஏற்க முடியாது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டுத் தொகுப்போடு இணைந்த பிறகு, ‘என் வீட்டுக்கு முப்பந்தல் மின்சாரம்’ என்று யாரும் தனியாகச் சொந்தம் கொண்டாடவும் முடியாது.

அடுத்தது வண்டியின் அளவு. இதைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் எடுக்கும். முழுக்க நிலக்கரியில் ஓடினாலும் மூன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கோ ஐந்து கிலோ. பகலோ இரவோ, ஸ்கூட்டரில் மின்சாரம்தான் ஜெயிக்கிறது. காரை வைத்து நாம் போடும் சண்டையை ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் இருசக்கர வண்டிகள் எப்போதோ முடித்துவிட்டன.

கரியாகவே எடைபோட்டுப் பாருங்கள். நம் அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டி நிலக்கரி எரிகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஸ்கூட்டரை ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்ய இரண்டரைக் கிலோ கரி போதும். சாம்பல் ஒரு கிலோகூடத் தேறாது. வின்ஃபாஸ்டின் விஎஃப் 7 காரில் உள்ள பேட்டரி 70 கிலோவாட்-மணிக்குக் கொஞ்சம் அதிகம். இரவு மின்சாரத்தில் அதை நிரப்ப ஒரு சிமென்ட் மூட்டையைவிடக் கனமாகக் கரி வேண்டும். சாம்பல் 20 கிலோ. சென்னைக்காரர் ஓட்டும் காரின் சாம்பலை எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ குடியிருப்பவர்தான் சுவாசிக்கிறார். அந்த ஒரு காரின் பேட்டரியைப் பிரித்தால் இருபது ஸ்கூட்டருக்கு மேல் காணும். தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையோ இரண்டுக்கும் ஒரே மாதிரி முழுச் சாலை வரி விலக்கு கொடுத்தது. பெரிய காரை மின்சாரத்துக்கு மாற்றுவது வேண்டாத வேலை என்று சொல்லவில்லை. அந்தப் புண்ணியத்துக்கு மக்கள் வரிப்பணத்தில் பரிசு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1980களின் இறுதியிலிருந்து அந்த வேலையைத்தான் செய்கிறது: உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறது. 20,000 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் மாநிலத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நீலகிரியில் குந்தாவில் கட்டும் 500 மெகாவாட் வந்தாலும் போதாது. அதற்குள் செய்யக்கூடிய மலிவான காரியம், சார்ஜ் போடும் நேரத்தை மாற்றுவது.

மத்திய அரசு 2023இலேயே விதியைத் திருத்தி, வெயில் நேர மின்சாரத்துக்குக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும் என்றது. பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கான 2024 வழிகாட்டுதலும் காலை 9 முதல் மாலை 4 வரை மலிவாகவும் மற்ற நேரத்தில் கூடுதலாகவும் வாங்கச் சொல்கிறது. நம் வீட்டு மீட்டரோ எத்தனை யூனிட் என்பதை மட்டுமே காட்டும், எப்போது என்று அதற்குத் தெரியாது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்ற பயம் வீட்டுக்காரருக்கு இருக்கிறது. மணி என்ன என்ற கவலை அவருக்கு வர ஒரு காரணமும் இல்லை. மீட்டரை மாற்ற வேண்டிய வாரியம் கடனில் இருக்கிறது. இந்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று இது தள்ளிக்கொண்டே போகும்.

ஆனாலும் பகல் முழுவதும் இந்த வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால் இன்னொரு வழி தெரிகிறது. தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஸ்டாண்டில், காலை எட்டுக்கு டோக்கன் வாங்கி நிறுத்திய ஸ்கூட்டர்கள் மாலை வரை வரிசையாக வெயில் காய்கின்றன. ஸ்கூட்டருக்கு வேகச் சார்ஜர் தேவையில்லை. வீட்டில் இஸ்திரிப்பெட்டி மாட்டும் பிளக் பாயின்ட் போதும். ஸ்டாண்டுகளை ரயில்வே ஏலத்தில்தான் விடுகிறது. ஏல நிபந்தனையில், பத்து வண்டிக்கு ஒரு பிளக் பாயின்ட், அதற்கொரு தனி மீட்டர் என்று ஒரு வரி சேர்த்தால், குத்தகைக்காரருக்கு அதில் நாலு காசு மிஞ்சும். மாலையில் டோக்கனைக் கொடுத்து வண்டியை எடுப்பவர் வீட்டுக்குப் போய் பிளக்கைத் தேட வேண்டியிருக்காது.